பிக்கப் மைலேஜுக்கு ஓபிடி ரீடர்: வாங்கலாமா?

பிக்கப்புக்கு மைலேஜ் கூட்டும் என்று விற்கப்படும் பொருள்களில், ஊருக்குள் ஓட்டுபவர் காசு கொடுத்து வாங்கத் தக்கது ஒன்றுதான்: ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, வண்டிக் கணினியின் தகவலைப் படிக்கும் ஓபிடி ரீடர். அது தானாக ஒரு சொட்டு எரிபொருளையும் மிச்சப்படுத்தாது. எரிபொருள் எங்கே போகிறது என்பதைப் போனில் காட்டும், அவ்வளவுதான். ஊர் ஓட்டத்துக்கு அதுவே பெரிய உதவி.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சரக்கில்லாமல் 2,000 கிலோ எடையுள்ள பிக்கப் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 193 கிலோஜூல். சிக்னலில் பிரேக் பிடித்தால் அதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். மறுபடி 50-ஐ எட்ட இன்ஜின் 25 முதல் 30 மில்லி பெட்ரோல் எரிக்க வேண்டும். பத்து முறை நின்று கிளம்பினால் கால் லிட்டர் போயிற்று. வேகம் 60 என்றால் ஆற்றல் 278 கிலோஜூல், 40 என்றால் 123. அடுத்த சிக்னலுக்குள் 60-ஐத் தொட்டுவிட்டு நிற்பவர், 40-லேயே போய் நிற்பவரைவிட ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு மடங்குக்கு மேல் இழக்கிறார். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 40-ல் அது 100-ல் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். ஆகவே பின்தொட்டிக்கு மூடி, முன்பக்கக் காற்றுத் தடுப்பு போன்றவை நெடுஞ்சாலையில் ஓரளவு பலன் தரலாம். சிக்னலுக்குச் சிக்னல் ஓடும் வண்டியில் அவற்றால் கணக்கில் தெரியும் அளவுக்கு எதுவும் மாறாது.

ஊருக்குள் மைலேஜைத் தின்பவை பிரேக், ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுவது), சூடாகாத இன்ஜின் ஆகிய மூன்றும்தான். மூன்றையும் இந்த ரீடரில் பார்க்கலாம்.

எதை வாங்குவது

டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து இது கட்டாயம். மற்ற நாடுகள் பின்னர் கொண்டுவந்தன. சந்தையில் உள்ள பெரும்பாலான ரீடர்கள் ஈஎல்எம்327 என்ற சிப்பையோ அதன் நகலையோ வைத்துச் செய்யப்படுபவை. அட்டையில் "1.5" என்று அச்சிட்டிருந்தால் அது நகல்தான், ஏனெனில் அந்தச் சிப்பை உருவாக்கிய நிறுவனம் 1.5 என்ற பதிப்பையே வெளியிடவில்லை. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை; 1.5 என்று வரும் நகல்களில் பல நன்றாகவே வேலை செய்கின்றன. தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் "2.1" என்று எழுதிய குட்டி ரீடர்கள். சில கட்டளைகளுக்கு அவை பதிலே சொல்லாது, பழைய தகவல் முறைகளும் பலவற்றில் இருக்காது. வண்டி கேன் என்ற புதிய தகவல் முறையில் பேசுவதாக இருந்தால் (அமெரிக்க மாடல்களில் 2008 முதல் அதுதான் கட்டாயம்) அப்படிப்பட்ட ரீடரும் சமாளித்துவிடும். அதற்கு முந்தைய பிக்கப் என்றால் எல்லா முறைகளையும் ஆதரிக்கும் நல்ல ரீடராகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனுக்குச் சாதாரண புளூடூத் போதும். ஐபோன் அந்தப் பழைய புளூடூத் இணைப்பை ஏற்காது. குறைமின் புளூடூத் அல்லது வைஃபை உள்ள ரீடர்தான் வேண்டும். வைஃபை ரீடரில் போனின் இணையம் அறுந்துபோகும் என்பதால் முன்னதே மேல். ஆன்–ஆஃப் பொத்தான் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். காரணம் கீழே வருகிறது.

அமைப்பது

டார்க், கார் ஸ்கேனர், ஓபிடி ஃபியூஷன் ஆகிய மூன்று செயலிகளில் எதுவும் போதும். வண்டி விவரத்தில் இன்ஜின் கொள்ளளவு, எரிபொருள் வகை, எடை ஆகியவற்றைச் சரியாகக் கொடுக்க வேண்டும். திரையில் நான்கு அளவுகளுக்கு மேல் வைக்காதீர்கள்: கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம், மணிக்கு எத்தனை லிட்டர், நீண்டகால ஃபியூவல் டிரிம் (இன்ஜின் கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது), பயண சராசரி. மலிவான ரீடரிடம் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அளவு கேட்டால் எல்லாமே தாமதமாக வரும், சராசரியும் தப்பாகும்.

மைலேஜ் எண்ணை முதல் நாளே நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் எரிபொருள் அளவை நேராகச் சொல்வதில்லை. இன்ஜினுக்குள் போகும் காற்றை எம்ஏஎஃப் சென்சார் அளக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில், செயலி அதை 14.7-ஆல் வகுத்துப் பெட்ரோலின் எடையைக் கண்டு, லிட்டராக மாற்றுகிறது. கையாலும் போட்டுப் பார்க்கலாம்: நொடிக்கு இத்தனை கிராம் காற்று என்பதை 0.33-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை லிட்டர். ஐட்லிங்கில் 3 கிராம் காட்டினால் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர் நின்றுவிடும், ஆனால் காற்று போய்க்கொண்டே இருக்கும். எரிபொருள் நிறுத்தத்தைக் கணக்கில் எடுக்காத செயலி அப்போதும் பெட்ரோல் எரிவதாகக் காட்டும். அடுத்தது, அழுக்கேறிய எம்ஏஎஃப் சென்சார் காற்றைக் குறைத்துச் சொன்னால் போனில் மைலேஜ் அழகாகத் தெரியும், டேங்க் வேறு கதை சொல்லும். அதனால் டேங்கை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். ஒரே பம்பில், முதல் முறை தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஊற்றிய லிட்டரைச் செயலி சொன்ன லிட்டரோடு ஒப்பிடுங்கள். மூன்று நிரப்பலின் சராசரியை எடுத்துச் செயலியில் உள்ள திருத்த விகிதத்தை மாற்றினால், அதன் பிறகு வரும் எண்களை நம்பி முடிவெடுக்கலாம். ஒரே ஒரு நிரப்பலை வைத்து மாற்றினால் பம்ப் நிற்கும் இடத்தின் வேறுபாடே கணக்கைக் கெடுத்துவிடும்.

ஓட்டும்போது தெரிபவை

முதலில் கண்ணில் படுவது ஐட்லிங். வண்டி நிற்கும்போது மணிக்கு 1 லிட்டர் என்றால் ஒரு நிமிடத்துக்கு 17 மில்லி. இரண்டு நிமிடம் சும்மா நின்றால், 50-லிருந்து ஒரு முறை நின்று கிளம்பியதற்கு மேல் செலவாகிவிட்டது. ஏசி எவ்வளவு கூட்டுகிறது என்பதைப் பொத்தானை அழுத்தி அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். சூடான இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யப் பத்து விநாடி ஐட்லிங்கைவிடக் குறைந்த எரிபொருள்தான் ஆகும். ஆகவே ரயில்வே கேட்டிலும் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்திலும் அணைப்பதில் நட்டமே இல்லை.

நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்ற நம்பிக்கையையும் இதிலேயே சோதிக்கலாம். இன்ஜெக்டர் உள்ள இன்ஜினில், கியரில் வைத்துக் காலை எடுத்தால், ஆர்பிஎம் சுமார் 1,200 – 1,500-க்கு மேல் இருக்கும் வரை எரிபொருள் பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஐட்லிங் எரிபொருளைக் குடிக்கும், இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்துக் கியரிலேயே விடுவதுதான் ஊர் ஓட்டத்தில் அதிகப் பலன் தரும் ஒரே பழக்கம். சிக்னல் பச்சையாகும் நேரத்தில் 15 கி.மீ. வேகமாவது மிச்சம் இருந்தால், நின்று கிளம்புவதில் ஆகும் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். அதிகப் பெட்ரோல் தின்னும் முதல் கியரும் வேண்டியிருக்காது.

இந்த ரீடர் தன் விலையை ஒரே நாளில் திருப்பித் தரக்கூடிய இடம் கூலன்ட் வெப்பம். பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் 85-ஐத் தாண்டி 90 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். சிக்னலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் 70-க்கு இறங்கினால், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கிறது. இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக ஈசியூ (இன்ஜின் கணினி) நினைத்துக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். காலை எடுத்தாலும் இன்ஜெக்டரை நிறுத்தாமல் போகலாம். ஆட்டோமேட்டிக் என்றால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமலும் போகலாம். பி0128 என்ற கோளாறுக் கோடு வருவதற்குள் பல மாதம் ஓடிவிடும். டேஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது, பல வண்டிகளில் 75-க்கும் 100-க்கும் இடையே அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட்டை மாற்றும்போது பழையதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியே புதியதிலும் இருக்க வேண்டும். குறைந்த டிகிரியில் திறப்பதைப் போட்டால் பழைய கோளாறே திரும்ப வரும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சிறு காற்றுத் துளை இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி வைத்து, கேஸ்கெட் அல்லது ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். கூலன்ட் ஊற்றிய பின் ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும்; காற்றுக் குமிழ் தங்கினால் வெப்ப அளவு தாறுமாறாகக் காட்டும்.

ஃபியூவல் டிரிம்மைப் படிக்கக் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிளஸ் 5-க்கும் மைனஸ் 5-க்கும் இடையே இருந்தால் கவலை இல்லை. ஐட்லிங்கில் பிளஸ் 15, 2,500 ஆர்பிஎம்மில் பிளஸ் 3 என்று இறங்கினால், ஏதோ வேக்குவம் குழாயோ இன்டேக் கேஸ்கெட்டோ காற்றை உறிஞ்சுகிறது. சிறு ஓட்டை வழியே வரும் காற்று ஐட்லிங்கில் பெரிய பங்கு, வேகத்தில் சிறு பங்கு. அதனால்தான் இந்த இறக்கம். மாறாக லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் எம்ஏஎஃப் அழுக்கைச் சந்தேகிக்கலாம். அதற்கென்றே உள்ள எம்ஏஎஃப் கிளீனரை அடித்து, கம்பியைத் தொடாமல், முழுக்க உலர்ந்த பிறகு மாட்ட வேண்டும். கார்புரேட்டர் கிளீனரை அடித்தால் சென்சார் கெட்டுப்போகலாம். டிரிம் மைனஸில் 10-ஐத் தாண்டினால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, ஆவி உறிஞ்சும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டிரிம் ஏறியிருப்பதாலேயே மைலேஜ் குறைந்துவிட்டது என்று பொருளல்ல. ஈசியூ எதையோ ஈடுகட்டுகிறது என்றுதான் அது சொல்கிறது.

இதில் தெரியாதவை

பிரேக் இழுத்துப் பிடித்திருப்பது எந்தத் திரையிலும் வராது. ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் காலிப்பர் பின்னைப் பார்க்க வேண்டும். டயர் காற்றைக் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் ஆறியிருக்கும்போது வைக்க வேண்டும். நான்கிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும். எட்டுப் பத்து பிஎஸ்ஐ குறைந்தும் ஓடும் பிக்கப்புகளில் இது இரண்டு சதவீதத்தை நெருங்கும். பின்தொட்டியில் நிரந்தரமாகக் கிடக்கும் கருவிப்பெட்டி, மணல் மூட்டை, சங்கிலி ஆகியவற்றை இறக்கிவிடுங்கள். 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் என்பது பொதுவான கணக்கு, நின்று நின்று போகும் ஓட்டத்தில் எடையின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். நான்கு சக்கர ஓட்டத்தில் விட்டுவிட்டு மறந்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய டயர் மாட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 265/65ஆர்17-க்குப் பதில் 265/70ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் 3.4 சதவீதம் கூடும். ஓடோமீட்டரும் இந்த ரீடரும் அந்த அளவுக்குத் தூரத்தைக் குறைத்தே காட்டும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று தோன்றுவதில் ஒரு பங்கு வெறும் எண்ணிக்கைப் பிழை.

ரீடரின் குறைகள்

சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். பொத்தான் இல்லாத ரீடர் 45 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் நான்கே வாரத்தில் பாதி காலி. வாரக்கணக்கில் நிறுத்துபவர்கள் பிடுங்கி வைக்க வேண்டும். பல மலிவு ரீடர்களின் கடவுச்சொல் 1234 அல்லது 0000 என்பதால், அருகில் நிற்பவரின் போனும் இணைந்துகொள்ள முடியும். அதற்காகவும் பிடுங்குவது நல்லது. நீளமான ரீடர் முழங்காலில் இடிக்கும், அடிக்கடி இடித்தால் சாக்கெட் தளர்ந்துவிடும். குட்டையானதையோ நீட்டிப்பு வயரையோ பயன்படுத்துங்கள். வயர் பெடலுக்குக் கீழே தொங்கக் கூடாது. எண்களை ஓட்டும்போது பார்க்காமல், நின்ற பிறகு செயலியின் பதிவில் பாருங்கள்.

இதே வடிவத்தில், இதே சாக்கெட்டில் செருகும் "ஃபியூவல் சேவர்" என்ற பொருளும் விற்கிறது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது விளக்கை மினுக்கும் ஒரு சிறு சிப்பும் சில ரெசிஸ்டர்களும்தான். ஈசியூவோடு பேச வேண்டிய கேன் பகுதியே இல்லை. எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தமும் இதே வகை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் ஒன்றையும் காணவில்லை.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டீசலில் காற்றுக்கும் எரிபொருளுக்கும் நிலையான விகிதம் கிடையாது. ஐட்லிங்கில் காற்று பல மடங்கு அதிகமாக இருக்கும். ஆகவே 14.7 கணக்கு அதற்குப் பொருந்தாது. வண்டியின் ஈசியூ 5ஈ என்ற எரிபொருள் அளவை நேரடியாகக் கொடுத்தால் மட்டுமே மைலேஜ் எண் நம்பத் தக்கது. கொடுக்காத வண்டியில் கூலன்ட் வெப்பத்துக்கும் கோளாறுக் கோடுகளுக்கும் ரீடரை வைத்துக்கொண்டு, மைலேஜை டேங்க் நிரப்பித்தான் கணக்கிட வேண்டும்.