லயத்துக்குப் புதுக் கூரையா, 7 பேர்ச்சஸில் தனிவீடா?

இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களுக்கு, அதாவது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளுக்கு, கூரை மாற்றுவது விரைவில் முடியும், செலவும் குறைவு. தகரத்தின் ஆணித்துளைக்கு அடியில் வாளி வைத்துவிட்டுப் படுக்கும் குடும்பத்துக்கு அது உடனடி ஆறுதல்தான். ஆனால் காம்பரா என்னும் அறையும் இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையும் அகலப்போவதில்லை. பக்கத்து வீட்டு இருமல் அப்போதும் கேட்கும்.

இந்திய உதவியுடனான தனிவீடோ 7 பேர்ச்சஸ் (இலங்கையின் நில அளவு) நிலத்தில், ஏறத்தாழ 550 சதுர அடியில் அமைகிறது. முதலில் 4,000 வீடுகளுக்கென இருந்த அத்திட்டத்தில் மேலும் 10,000 சேர்க்கப்படும் என 2017 மே மாதம் மலையகத்தின் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். காத்திருப்பு நீளம் என்பது உண்மை. என் கணிப்பில், சுவர்களைவிட நிலத்துக்கான உறுதிப்பத்திரமே பெரிது. அது குடும்பத்தின் பெயரில் கைக்கு வராதவரை, தனிவீடும் இரவல் நிலத்தில் நிற்பதாகவே இருக்கும். மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.