பச்சை வயர் போன இடம்

எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் கீழ்ப்பகுதியில் 11 வருடமாக வாடகைக்குக் குடியிருக்கும் அக்கா, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் ஒரு பலகை போட்டிருந்தார். பழைய கட்டிலின் குறுக்குச் சட்டமாக இருக்க வேண்டும். நடுவில் இரண்டு பாதம் நின்று நின்று வழுவழுத்துப் போயிருந்தது. போன ஓகஸ்டில் லண்டனிலிருந்து லீவுக்குப் போனபோது தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார், அப்போதுதான் கண்ணில் பட்டது.

"இதென்னக்கா பலகை?"

"அது தம்பி, ஈரக்காலோட மெஷினைத் தொட்டா கரண்ட் கொஞ்சம் கூசும். பலகையில நிண்டா ஒண்டுமில்லை."

மழைக்கு ஓடு ஒழுகும், கீழே சட்டி வைப்போம் என்று சொல்வார்களே, அந்தக் குரலில்தான் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியைச் செருப்புப் போடாமல் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார். ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "வீட்டுக்காரருக்கு அடிக்கடி போன் எடுத்தா வாடகையைக் கூட்டிப் போடுவினம்" என்று சிரித்தார். சிரிப்புத்தான், ஆனால் பகிடி இல்லை.

நான் ஏன் வெட்கப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். லண்டனில் ஹரோப் பக்கம் எனக்கு ஒரு சின்ன பிளாட் இருக்கிறது, அதையும் வாடகைக்குத்தான் விட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் 2020இல் ஒரு சட்டம் வந்தது. வாடகை வீட்டின் வயரிங்கைக் குறைந்தது 5 வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு சோதித்து அறிக்கை எடுக்க வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு வருவதற்கு முன்பே அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும். அறிக்கையில் ஆபத்து என்று எழுதியிருந்தால் 28 நாளுக்குள் திருத்தியாக வேண்டும். தவறினால், சட்டம் வந்தபோது 30,000 பவுண் வரை தண்டம். முதல்முறை 190 பவுண் கட்டியபோது, காசு பிடுங்குகிறான்கள் என்று வீட்டில் புறுபுறுத்தேன். ஆனாலும் செய்தேன், அறிக்கையைக் கோப்பில் போட்டு வைத்தேன். அம்மா வாழ்ந்த வீட்டில், என் தங்கச்சி பிறந்த வீட்டில், வாடகை மட்டும் மாதாமாதம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. வயரைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

சரி, லீவில் 3 கிழமை இருக்கிறதே, செய்துவிடுவோம் என்று இறங்கினேன்.

முதலில் போனது மின்சார அலுவலகக் கவுண்டருக்கு. மரியாதையாகத்தான் பேசினார்கள். மீட்டர் வரைக்கும் எங்கள் வேலை, மீட்டருக்கு அங்கால் வீட்டுக்காரரின் பொறுப்பு என்றார்கள். அது உண்மையும்கூட. கம்பி அறுந்தாலோ கரண்ட் நின்றாலோ 1987 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருவார்கள், உங்கள் குசினிச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலையில்லை. புது இணைப்புக் கேட்கும்போது பொறியியலாளர் சோதித்துக் கையெழுத்திட்ட அறிக்கை கொடுக்க வேண்டும். காலி வீதியின் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும் புது மாடிகளெல்லாம் அப்படி ஒரு தாளோடுதான் கரண்ட் எடுத்திருக்கும். எங்கள் வீட்டுக்கு இணைப்பு வந்தது தாத்தா காலத்தில்.

அடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய வயரிங் பாஸ் (மேஸ்திரி) ஒருவர் வந்தார். கையில் ஒரு டெஸ்டர், சட்டைப் பையில் இன்சுலேசன் டேப். ஒவ்வொரு பிளக் பேஸாக டெஸ்டரைச் செருகினார். எரிந்தது. "ஒக்கம ஹரி" என்றார், எல்லாம் சரியாம். 20 நிமிடம், 2,000 ரூபா. டெஸ்டர் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம், அது எங்களுக்கே தெரியும். கரண்ட் போகக்கூடாத இடத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதல்லவா கேள்வி.

மூன்றாவதாக, மச்சானின் நண்பர் வழியாக ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர் ஒருவர் கிடைத்தார். கட்டுபெத்தைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். பெட்டி நிறைய மீட்டர்களோடும், எல்லாரும் மல்லி என்று கூப்பிட்ட ஒரு பெடியனோடும் காலை 8 மணிக்கே வந்துவிட்டார். வந்ததும் வயரைப் பார்க்கவில்லை. அக்காவிடம் போய், எங்கெங்கே கூசும், மழை நாளில் கூடவா, எந்த பல்ப் அடிக்கடி போகும் என்று அரை மணித்தியாலம் கதைத்தார். டொக்டர் மாதிரி. எனக்கு அவரில் அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

மெஷினின் உடம்புக்கும் நிலத்துக்கும் இடையில் மீட்டரை வைத்தார். 110 வோல்ட் காட்டியது. நான் ஓரடி பின்னுக்குப் போனேன். "பயப்படாதேங்கோ, இது மெஷினுக்குள்ள கரண்டைச் சுத்தமாக்கிற பில்டரால வாறது. கூசும், ஆளைக் கொல்லாது" என்றார். எர்த், அதாவது ஒழுகும் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற இணைப்பு, சரியாக இருந்தால் அந்தச் சின்னக் கரண்ட் ஒழுக்கு சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடுமாம். எர்த் இல்லாததால்தான் மெஷினின் தகட்டில் தங்கி நிற்கிறது. "கூசுறது பிரச்சினையில்லை தம்பி, எர்த் இல்லையெண்டதுக்கு அது சாட்சி. நாளைக்கு உள்ளுக்கு ஹீட்டர் கொயில் வெடிச்சா 230உம் இந்தத் தகட்டில நிக்கும்."

சரி, எர்த் எங்கே போனது? பிளக் பேஸ் எல்லாவற்றிலும் எர்த்துக்கான பச்சை வயர் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது. மெயின் சுவிட்ச் பலகையிலிருந்து ஒரு தடித்த பச்சை வயர் சுவரோரமாக இறங்கி, குசினிக்குப் பின்னால், கிணற்றடிப் பக்கம் போனது. மல்லி குனிந்து பாசியை வழித்து அதன் பின்னாலேயே போனான். வயர் போய் ஒரு துருப்பிடித்த இரும்புத் தண்ணீர்க் குழாயில் கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. அந்தக் காலத்து வழக்கம் அது. தண்ணீர்க் குழாய் இரும்பு, மண்ணுக்குள் ஓடுகிறது, அதைவிட நல்ல எர்த் ஏது? ஆனால் அந்த இரும்புக் குழாய் கிளிப்புக்குக் கீழே ஒரு சாண்தான் இருந்தது. அதன் பிறகு வெள்ளை பிளாஸ்டிக் குழாய். எப்போதோ குழாய் உக்கிப்போய், பிளம்பர் வெட்டி பிவிசி போட்டிருக்கிறார். அவர் வேலையை அவர் சுத்தமாகச் செய்திருக்கிறார், தண்ணீர் ஒழுகவில்லை. வீடு முழுவதற்கும் எர்த் அன்றோடு போனது யாருக்கும் தெரியாது.

இலங்கையில் வீட்டு எர்த்தைக் கம்பெனி தருவதில்லை, உங்கள் வளவில் நீங்களே மண்ணுக்குள் எர்த் தடி இறக்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. லண்டனில் பெரும்பாலான வீடுகளுக்குத் தெருவிலிருந்து வரும் கேபிளோடேயே எர்த்தும் வந்துவிடும். அங்கே இருந்து பழகினவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எர்த் இல்லாவிட்டாலும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்டேன். எர்த் இல்லாத வீட்டில் ஆளைத் தொட்டுப் போகிற கரண்டை அறுக்கக்கூடியது அது ஒன்றுதான். 30 மில்லி ஆம்பியர் வெளியே ஒழுகினால் அது தானாக விழுந்து கரண்டை நிறுத்த வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் டெஸ்ட் பொத்தானை அமத்தினார். விழவில்லை. இன்னொருமுறை. விழவில்லை. மெயினை நிறுத்தி மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே வருகிற முனையிலிருந்து வெளியே போகிற முனைக்கு இரண்டு துண்டு வயர், டிரெக்ட். சுவிட்ச் வெறும் அலங்காரம்.

யார் செய்தது என்று அக்காவைப் பார்த்தேன். அவர் தயங்கிவிட்டுச் சொன்னார்: "2017 ஒக்டோபர் மழைக்கு ஒரே விழுந்துகொண்டிருந்தது தம்பி. உங்களுக்குப் போன் எடுத்தனாங்கள். எப்பிடியாவது கரண்ட் வரச்செய்யுங்கோ, காசு அனுப்புறன் எண்டு சொன்னீங்கள்."

ஞாபகம் வந்தது. வேலையில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் வந்த அழைப்பு. 5,000 ரூபா அனுப்பினேன், அடுத்த நாள் "சரியாயிட்டுது" என்று செய்தி வந்தது. விசயம் முடிந்தது என்று சந்தோசப்பட்டேன். ஆகவே அந்த இரண்டு துண்டு வயரையும் போட்டவரை இங்கே திட்டப் போவதில்லை, போடச் சொன்னது நான்.

முன் ஹாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டின் பின்பக்கம்தான் எரிந்தது, முன்பக்கம் தப்பியது. அப்பா திரும்பி வந்து பின்பக்கத்துக்கு மட்டும் புது வயர் போட்டார், கையில் அவ்வளவுதான் இருந்தது. அதனால் ஹாலில் இன்னும் மரச்சட்டத்துக்குள் ஓடும் ரப்பர் வயர். மல்லி பல்ப் தொங்குகிற சீலிங் ரோஸைக் கழற்றியபோது ரப்பர் பழைய முறுக்கு மாதிரி நொறுங்கி அவன் தலையில் கொட்டியது. 500 வோல்ட் கொடுத்து இன்சுலேசனை அளக்கும் மெகரில், குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.2 காட்டியது. பியூஸ் கட்டையில், கரண்ட் மிஞ்சினால் உருகி அறுபட வேண்டிய பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பி. அது எங்கள் வீட்டில் மட்டுமில்லை, பழைய வீடு வைத்திருப்பவர்கள் போய்த் திறந்து பாருங்கள்.

மேல்வீட்டில் வேறு கதை. 2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நேரம் அங்கே இருந்தவர்கள் இன்வேர்ட்டர் பூட்டியிருந்தார்கள். போகும்போது பெட்டியைக் கொண்டுபோய்விட்டார்கள், வயரை விட்டுப் போய்விட்டார்கள். அலுமாரிக்குப் பின்னால் அதன் நுனி டேப்கூடச் சுற்றாமல் தொங்கியது. பழைய வயர் சிவப்பு-கறுப்பு, புதியது மண்ணிறம்-நீலம், இரண்டும் ஒரே பெட்டிக்குள் பின்னிக் கிடந்தன. "பாணந்துறை கரண்ட் ஸ்டேசனில குரங்கு ஒண்டு பாய்ஞ்சு நாடு முழுக்க இருட்டானது. இங்க குரங்கே தேவையில்லை" என்றார் பொறியியலாளர்.

சோதிப்பவர் ஒருவராகவும் திருத்துபவர் வேறொருவராகவும் இருக்கட்டும் என்று அவரே சொன்னார். அதுதான் முழு அனுபவத்திலும் எனக்குப் பிடித்த யோசனை. திருத்துபவரே சோதித்தால் ஒன்றில் எல்லாம் சரி என்பார், அல்லது எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். வயரிங்குக்கு தேசிய தொழிற் தகைமை மூன்றாம் நிலைச் சான்றிதழ் உள்ள இரண்டு பெடியன்களைத் தேடிப் பிடித்தோம். சாமானுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு நானே போனேன். வெயிலில் ஒரு காலைப் பொழுது போனது. பிளக் பேஸ் முழுவதும் 13 ஆம்பியர் சதுரத் துளையாக மாற்றினோம். அதுவரை வீட்டில் வட்டத்துளை 5, 15, சதுரம் என்று கலந்திருந்தது. இரண்டு முள் சார்ஜரைச் செருகுவதற்கு மேல் துளையில் பேனா மூடியைக் குத்தித் திறக்கும் வித்தையை மேல்வீட்டுச் சின்னப் பெடியன் எனக்குச் செய்து காட்டினான். எட்டு வயது. அவனுக்கு ஒரு பெட்டி அடாப்டர் வாங்கிக் கொடுத்தேன்.

எர்த் தடி இறக்குவதுதான் கஷ்டமாகப் போனது. முற்றம் முழுக்க சீமெந்து. மதிலோரம் ஜாம் மரத்தடியில் மட்டும் கொஞ்சம் மண். அங்கே செப்புப் பூசிய தடியை அடித்து இறக்கி அளந்தால் 38 ஓம். 200க்கு மேல் போனால் நம்ப முடியாது என்று பொறியியலாளர் முன்பே சொல்லியிருந்தார். கடைசி நாள் அவர் திரும்ப வந்து புது ட்ரிப் சுவிட்சைக் கருவியால் விழுத்திப் பார்த்தார். 24 மில்லி செக்கன். 300 வரை அனுமதி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இலக்கம் எழுதாத அறிக்கையை வாங்க வேண்டாம், "நன்று" என்று எழுதுவதற்கு மீட்டர் தேவையில்லை என்றார்.

சோதனைக்கு 28,000 ரூபா, லண்டனில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. திருத்த வேலைக்கு சாமானோடு 2,12,000. நாலு நாள் பகலில் கரண்ட் இல்லை, அதை முன்கூட்டியே குடியிருப்பவர்களிடம் சொல்லி வைக்காதது என் பிழை. அக்காவின் இறால் பழுதாகிவிட்டது, வாங்கிக் கொடுத்தேன். லீவுக்குப் போகிறவர்கள் இந்த வேலையை முதல் கிழமையிலேயே தொடங்குங்கள். நான் ஆடிவேல் பார்க்கலாம், கோல்பேஸ் போகலாம் என்று ஒரு கிழமையைக் கரைத்ததால் கடைசி பிளக் பேஸ் பூட்டும்போது விமானநிலையத்துக்குப் போகிற வான் வாசலில் நின்றது.

அறிக்கையின் பிரதி ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி, திருநீறு போட்டுச் சாமித்தட்டில் வைத்தார். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவரையே அமத்தச் செய்தேன். விரலை வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டக் என்று விழுந்தது, மேலே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். அவருடைய போனில் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதிக்கு ஒரு மணி வைத்துக் கொடுத்தேன்.

பலகையை எடுக்கச் சொன்னேன். "இருக்கட்டும் தம்பி, காலுக்குப் பழகிப் போச்சு" என்றார்.

ஒக்டோபர் முதலாம் திகதி வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் மாத்தறை ரயிலோ என்னவோ கடந்து போகிற சத்தம். "தம்பி, அமத்தினனான். விழுந்தது. மேல ஏசினம்."