ஸ்லைடு தரையின் ஓரம் மக்கியது ஏன்? ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறேன்

கடந்த வாரம்தான் எங்கள் ஆர்வியின், அதாவது படுக்கையும் சோபாவும் வைத்துப் பயணம் போகும் வீட்டு வண்டியின், ஸ்லைடு தரையைப் பழுதுபார்த்து முடித்தேன். ஸ்லைடு என்பது நிறுத்திய பிறகு வண்டிச் சுவரோடு வெளியே நீண்டு, உள்ளே இடத்தைக் கூட்டும் பெட்டி போன்ற பகுதி. மரத்தில் பூசிய எபாக்ஸிப் பசை இன்னும் நகக்கண்களை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் போன் செய்து, "ஸ்லைடு உள்ள வண்டியாக வாங்கலாமா, இல்லாததே போதுமா?" என்று கேட்டார். ஏதோ ஒரு பதில் சொன்னேன். பேசி முடித்த பிறகு யோசித்தால், சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஸ்லைடுக்குச் சேர வேண்டிய நன்றியைச் செலுத்திவிடுகிறேன். 12 அடி நீளம், 3 அடி ஆழம். பொத்தானை அழுத்தினால் 36 சதுர அடி கூடுதல் இடம். ஒரு பயணத்தில் இரண்டு நாள் விடாமல் மழை. நான்கு பேர், யாரும் வெளியே கால் வைக்கவில்லை. ஆனாலும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் அந்த இரண்டு நாட்களும் கழிந்தன என்றால் அதற்கு அந்த மூன்றடிதான் காரணம். மோட்டாரும் பற்சக்கரமும் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை. "ஸ்லைடு பாதியில் நின்றுவிடுமே" என்றுதான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அது நடக்கவில்லை. யாரும் பயமுறுத்தாத ஒன்று நடந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தது அம்மா. ஸ்லைடில் இருக்கும் சோபாவில்தான் அவர் படுப்பார். போன ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, "இந்தச் சோபாவுக்குக் கீழே ஊறிப்போன மர வாசம் அடிக்கிறதே, பாருப்பா" என்றார். குனிந்து பார்த்தேன். தரைவிரிப்பு காய்ந்திருந்தது. கையால் அழுத்தினேன், உறுதியாக இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றே வண்டிக்கு அடியில் படுத்து மேலே பார்த்திருந்தால் என் வேலை கால் பங்காகக் குறைந்திருக்கும்.

எட்டு மாதம் கழித்து, சக்கரத்துக்குக் காற்றடிக்கக் குனிந்தபோது ஸ்லைடின் வெளி ஓரத்தில் இருந்த உலோகப் பட்டை லேசாகப் புடைத்திருப்பது கண்ணில் பட்டது. திருகாணிகளின் தலையைச் சுற்றித் துரு வடிந்து காய்ந்திருந்தது. பட்டையைக் கழற்றித் திருப்புளி முனையை அந்த ஓரத்தில் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது நனைந்த காகிதக் கூழ் போன்ற ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முக்கால் அங்குலப் பலகை அந்த மூலையில் ஓர் அங்குலத்துக்கு மேல் உப்பியிருந்தது. அம்மாவுக்கு வாசமாக வந்த இடம் அதற்கு நேர் மேலே.

தண்ணீர் எப்படிப் போனது என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும். எல்லோரும் கூரையைச் சந்தேகப்படுவார்கள், நானும் அப்படித்தான். மூன்று முறை ஏறிப் பார்த்தேன், கூரை குற்றமற்றது. பிறகு ஒரு குவளைத் தண்ணீரை ஸ்லைடின் வெளிச் சுவரில் மெதுவாக ஊற்றச் சொல்லி, நான் டார்ச்சோடு அடியில் படுத்துக்கொண்டேன். சுவர் வழியாக இறங்கிய தண்ணீர் கீழ் விளிம்புக்கு வந்தது. சொட்டிவிடும் என்று எதிர்பார்த்தேன். சொட்டவில்லை. விளிம்பைச் சுற்றி வளைந்து, தரையின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாக உள்நோக்கி நகர்ந்தது. முத்து முத்தாகத் தொங்கியபடியே இரண்டு அங்குலம் போய், அடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் உறையின் வெட்டு ஓரத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் முத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கீழே எதுவும் விழவில்லை. அத்தனையையும் பலகை குடித்துவிட்டது.

தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு. ஒரு பரப்பைப் பிடித்துக்கொண்டால் தானாக விடாது. வீட்டு ஜன்னலுக்கு மேல் வரும் சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு பள்ளக் கோடு போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டைத் தாண்டத் தண்ணீரால் முடியாது, அங்கேயே சொட்டிவிடும். ஒவ்வொரு கொத்தனாரும் அறிந்த விஷயம் இது. ஆர்வி செய்கிறவர்கள் இதை அறியாதவர்களா? ஸ்லைடின் கீழ் விளிம்பில் அரை அங்குலம் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொட்டு விளிம்பு வைத்திருந்தால் என் தரை பிழைத்திருக்கும். மொத்தம் 12 அடி அலுமினியம். அதுதான் இல்லை.

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியின் தரை ஓ.எஸ்.பி., அதாவது மரச் சீவல்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதன் மேல்பரப்பு ஓரளவு ஈரத்தைத் தாங்கும். வெட்டிய ஓரம் தாங்காது. ஓரத்தில் ஓதம் ஏறினால் சீவல்கள் உப்பும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அப்படிப்பட்ட பலகையின் வெட்டு ஓரத்தை, சுவர்த் தண்ணீர் முழுவதும் வந்து இறங்கும் இடத்தில் வைத்து, ஒரு பூச்சுகூடப் பூசாமல் பட்டையால் மூடி அனுப்பியிருக்கிறார்கள். விற்ற இடத்தில் கேட்டேன். "இது பராமரிப்புக் குறைபாடு, உத்தரவாதத்தில் வராது" என்றார்கள். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஸ்லைடைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டைகளைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. தரையின் அடியைப் பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. பார்க்கவே சொல்லாத இடத்தை நான் எப்படிப் பராமரித்திருக்க முடியும்?

தண்ணீர் நுழைய இன்னொரு வழியும் இருந்தது. ஸ்லைடு உருளைகளின் மேல் ஏறி உள்ளே போய் வெளியே வருகிறது. ஆறு ஆண்டு உருண்டதில் அடி உறையில் இரண்டு தடங்கள் தேய்ந்து, ஒன்றில் விரல் அகலத்துக்கு மரம் தெரிந்தது. ஈரமான அடிப்பக்கத்தோடு ஸ்லைடை உள்ளே இழுத்தால், உருளை அந்த ஈரத்தை மரத்துக்குள் வைத்து அழுத்துகிறது. உருளை ஓடும் தடத்தில் வழுக்கலான கனத்த பிளாஸ்டிக் பட்டைகளை இப்போது ஒட்டியிருக்கிறேன். உறை தேயாத வண்டி வைத்திருப்பவர்கள் தேய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

பழுதுபார்ப்பில் நான் கற்ற முதல் பாடம் பொறுமை. மக்கிய பகுதியை உளியால் சுரண்டி எடுத்தபின், திடமான மரம் ஓரத்திலிருந்து ஐந்து அங்குலம் உள்ளேதான் கிடைத்தது. அங்கும் ஊசி முனைகள் உள்ள ஈரப்பதமானியைக் குத்தினால் 30 சதவீதத்துக்கு மேல் காட்டியது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே மக்கலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்க வேண்டும். ஈர மரத்தின் மேல் எதைப் பூசினாலும் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். ஆகவே உறையை விலக்கிவைத்து, மின்விசிறியும் ஈரநீக்கியும் ஓடவிட்டுக் காத்திருந்தேன். பதினேழு நாள் ஆனது. தினமும் காலையில் ஒரே நான்கு இடங்களில் குத்திப் பார்த்து எழுதி வைத்தேன். நான்கிலும் 14க்குக் கீழே வந்த பிறகுதான் எபாக்ஸி டப்பாவைத் திறந்தேன்.

தண்ணீர் போல ஓடும் மெல்லிய எபாக்ஸியை வெட்டு ஓரத்தில் தூரிகையால் விட்டபோது மரம் அதைக் குடித்த வேகத்தைப் பார்க்க வேண்டும். முதல் பூச்சு பளபளப்பே இல்லாமல் மறைந்துவிட்டது. மூன்றாவதில்தான் மேலே நின்றது. இழந்த ஐந்து அங்குலத்துக்குக் கப்பல் தரப் பிளைவுட்டை வெட்டி, ஆறு பக்கமும் எபாக்ஸி பூசி, பழைய பலகையோடு ஒன்றன் மேல் ஒன்று படியும்படி இணைத்தேன். திருகாணித் துளைகளையும் முன்கூட்டியே போட்டு, அவற்றின் உள்ளேயும் எபாக்ஸி விட்டு, காய்ந்த பிறகே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை ஏற்றினேன். சீல் செய்யாத ஒவ்வொரு திருகாணித் துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

பிறகு அந்தச் சொட்டு விளிம்பு. எல் வடிவ அலுமினியப் பட்டை. பின்னால் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடா, மேல் ஓரத்தில் இடுக்கை அடைக்கும் பாலியூரிதேன் சீலன்ட். சிலிக்கோனை நான் தொடவில்லை. ஒருமுறை பூசிவிட்டால் பின்னால் வேறெதுவும் அதன் மேல் ஒட்டாது. கீழ் ஓரத்தில் வேண்டுமென்றே எதுவும் பூசவில்லை. இது முக்கியம். பயத்தில் எல்லாப் பக்கமும் அடைத்துவிடத்தான் கை துடிக்கும். ஆனால் எவ்வளவு அடைத்தாலும் என்றோ ஒருநாள் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். போனது வெளியேற வழி வேண்டும். மேலே அடை, கீழே விடு. பட்டையின் கீழ் விளிம்பு அரை அங்குலம் தொங்குகிறது. ஸ்லைடை மூடும்போதும் அந்த வெளி ஓரம் வண்டிக்கு வெளியேதான் நிற்கும் என்பதால் எதிலும் உரசுவதில்லை.

முடித்த அன்று மாலை மறுபடியும் குவளைத் தண்ணீர், மறுபடியும் அடியில் நான். சுவரில் இறங்கிய தண்ணீர் அலுமினிய விளிம்புக்கு வந்தது, ஒரு கணம் தயங்கியது, சொட்டியது. முதல் சொட்டு என் கன்னத்தில் விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் வரிசையாக அந்த விளிம்பிலேயே விழுந்தன. ஒரு முத்துகூட உள்ளே திரும்பவில்லை. அடிப்பக்கத்தில் கையை வைத்துத் தடவினேன். காய்ந்திருந்தது. ஆறு ஆண்டில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த மகிழ்ச்சிகளில் அதை முதல் வரிசையில் வைப்பேன்.

மற்ற பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லைடை உள்ளே இழுப்பதற்கு முன் அதன் கூரையில் நிற்கும் தண்ணீரையும் இலைகளையும் தள்ளிவிடுகிறேன். மேலே துணிப் பந்தல் இருப்பவர்கள் அதில் தேங்கிய தண்ணீரைக் கவனிக்க வேண்டும். சுருளும்போது அத்தனையும் ஒரே இடத்தில் கொட்டும். மழையில் மூடி ஓட்டி வந்தால், இடம் சேர்ந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் திறந்து காயவிடுகிறேன். வண்டியைச் சமன் செய்யும்போது ஸ்லைடு பக்கம் உயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். உயர்ந்தால் கூரைத் தண்ணீர் வெளியே ஓடாமல் வண்டியை நோக்கி ஓடும்.

ரப்பர் பட்டைகளில் நான்கு மூலைகளைப் பாருங்கள், முக்கியமாகக் கீழ் மூலைகள் இரண்டையும். நிமிர்ந்த பட்டையும் படுத்த பட்டையும் சந்திக்கும் அந்த இடத்தில் எங்கள் வண்டியில் சுண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பகல் வெளிச்சத்தில் உள்ளே உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். ஸ்லைடைத் திறந்த பிறகு ஒரு சுற்று வந்து, ஸ்லைடின் மேல் உரசித் தண்ணீரைத் துடைக்கும் ரப்பர் பட்டையின் நாக்கு எங்காவது உள்பக்கமாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கிய இடம் தண்ணீரைத் தடுக்காது. ரப்பருக்கு அதற்கென்று விற்கும் பூச்சைத்தான் போட வேண்டும். கையில் கிடைத்த இயந்திர எண்ணெயைத் தடவினால் ரப்பர் ஊதிப்போய்விடும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு நண்பரின் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். கணக்குப் போட்டால் ஸ்லைடுக்குத்தான் வெற்றி. ஆறு ஆண்டுகள் அந்த மூன்றடியில்தான் எங்கள் குடும்பம் உட்கார்ந்தது, சாப்பிட்டது, தூங்கியது. கெட்டுப்போனது ஐந்து அங்குலம். இனி அதுவும் கெடாது என்று நம்புகிறேன். ஆனாலும் இன்று நீங்கள் என்னைக் கேட்டால், ஸ்லைடு இல்லாத வண்டியையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பதினேழு நாள் காலையில் எழுந்ததும் மரத்தைக் குத்திப் பார்த்தவனிடமிருந்து இன்றைக்கு வேறு பதில் வராது.

அதையும் மீறி ஸ்லைடு உள்ளதைத்தான் வாங்குவீர்கள் என்றால், உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்பு ஒரு டார்ச்சும் பழைய போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்லைடைத் திறக்கச் சொல்லுங்கள். அடியில் படுங்கள். வெளி விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். கடைசியாக ஒரு குவளைத் தண்ணீர் கேளுங்கள். ஊற்ற விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம்.