நெருக்கி வைப்பதா, பரப்பி வைப்பதா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு ஒரே கணினிதான். எட்டு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), நான்கு நான்காக இரு தொகுதிகள், தொகுதிக்கு ஒரு எல்3 கேஷ்: அதன் கோர்கள் பகிரும் சிறிய, வேகமான நினைவகம். ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளான திரெட்டுகளை எங்கே ஓட்டுவது?

ஒரு திரெட் எழுதியதை மற்றொன்று உடனே படிக்கும் வேலை என்றால் ஒரே தொகுதிக்குள் நெருக்கி வைப்பதே சரி. தரவு அருகிலேயே கிடைக்கிறது.

தனித்தனியே தரவை வாரி விழுங்கும் திரெட்டுகளோ வேறு ரகம். காசிமேட்டில் ஒரே ஐஸ் பெட்டிக்கு இரண்டு படகுகளின் மீன் வந்தால் என்ன ஆகும்? கேஷிலும் அதே தள்ளுமுள்ளு. வந்தது இருந்ததை வெளியேற்ற, இரண்டுமே மெதுவாகின்றன. இவற்றைப் பரப்பத்தான் வேண்டும். ஆனால் கேஷுக்கு அப்பாலுள்ள முதன்மை நினைவகத்துக்குப் போகும் பாதை இரு தொகுதிகளுக்கும் பொது. அங்கே நெரிசல் என்றால் பரப்பியும் பெரிய பலனில்லை.

எதை எங்கே ஓட்டுவது என்பதில் இயங்குதளமான லினக்ஸையே நம்பலாமே என்பார்கள். எந்தக் கோர்கள் கேஷைப் பகிர்கின்றன என்பது அதற்குத் தெரியும். எந்தத் திரெட் அதில் எவ்வளவு தின்கிறது என்பது தெரியாது. 2023-இல் 6.6 பதிப்போடு வந்த, அடுத்து எந்தத் திரெட் ஓடும் என்று முடிவு செய்யும் இஇவிடிஎஃப் முறையும் பங்கிடுவது கோர்களின் நேரத்தைத்தான், கேஷை அல்ல.

எங்கள் தரவுத்தளம் ஒரு தொகுதியில், படமாற்று வேலை மறு தொகுதியில். ஒரு வேலை எந்தக் கோர்களில் மட்டும் ஓடலாம் என்று வரையறுக்கும் டாஸ்க்செட் கட்டளையால் நானே கட்டிவைத்திருக்கிறேன்.