உப்புக்காற்றில் பழைய நோட்டு: ஆல்பமா, பாலியஸ்டர் உறையா, லாக்கரா?

கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பல வீட்டு பீரோக்களில் இன்னும் பழைய ரூபாய் நோட்டு கிடக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்துச் சிலோன் ரூபாய், வளைகுடா நாடுகளில் மட்டும் செல்லும்படி 1959இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட, எண்ணுக்கு முன்னால் இசட் போட்ட சிவப்புப் பத்து ரூபாய், இப்படி. எதில் வைப்பது என்று மதுரைக்காரரைக் கேட்டால் அவர் பதில் நமக்கு ஒத்துவராது. இங்கே காற்றிலேயே உப்பு, உப்பு படிந்த இடமெல்லாம் ஈரம் இழுக்கும்.

மலிவான ஆல்பத்தை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அதன் பைகள் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். வளைந்து கொடுக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நாளாக ஆகக் கசிந்து நோட்டில் பிசுபிசுவென்று ஒட்டும், பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் கிளம்பும், நம்ம வெக்கையில் இதெல்லாம் இன்னும் சீக்கிரம். புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் சந்தேகப்படுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமா? செம்புக் கம்பியைக் குறட்டால் பிடித்துத் தீயில் காய்ச்சி, பையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பெரும்பாலும் பிவிசிதான். வாசலில் வைத்துச் செய்யுங்கள், புகை ஆகாது.

பாலியஸ்டர் உறை விலை கூடுதல், ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிவு, விறைப்பு, கசிவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. காசு இடிக்கிறதென்றால் பாலிப்ரொப்பிலீன் போதும். ஆனால் வெறும் உறை மட்டும் ஈரத்தைத் தடுக்காது, இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாடைக்காற்று மழையோடு வரும் ஐப்பசி, கார்த்திகையில் பீரோ உள்பக்கமே சில்லென்று இருக்கும். அதனால் உறைகளை இறுக்க மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். ஆரஞ்சு மணி பச்சையானால் காய வைத்துத் திரும்பப் போடலாம். ஈரப்பத மானி ஒன்றையும் உள்ளே போட்டு ஐம்பது சதவீதத்தை ஒட்டி நிற்கிறதா பாருங்கள், ரொம்ப வறண்டாலும் தாள் முறியும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட வேண்டாம், அதன் ஆவி தாளுக்கும் உறைக்கும் நல்லதில்லை. வங்கிக் கட்டில் குத்திய ஸ்டேப்ளர் பின் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்; இங்கே துரு பிடித்தால் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் பரவி வெள்ளைப் பகுதிக்கே வந்துவிடும்.

லேமினேஷனா? அதைப் பேசவே வேண்டாம்.

லாக்கர் திருட்டுக்கு நல்லது. தீ, திருட்டு என்றால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு என்று 2022 முதல் விதி இருக்கிறது, ஆனால் புயல் வெள்ளத்துக்கு அது கிடையாது. மழை நாளில் நினைத்த நேரத்தில் போய் ஜெல் மாற்றவும் முடியாது. நிஜமாகவே விலைபோகும் நாலைந்து நோட்டு இருந்தால் அதே டப்பாவோடு லாக்கரில் வைத்து, புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை போய் மணியின் நிறம் பார்த்து மாற்றிவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் வீட்டிலேயே, கடல் பார்த்த சுவரை ஒட்டாத பீரோவில், நடுத்தட்டில் இருக்கட்டும்.