டிஷ்வாஷர் உதிரி பாகங்கள்: ட்ரெயின் பம்ப் அருமை, காப்பி கதவு ரப்பர் வேண்டாம்

கழுவிய தண்ணீரை வெளியே தள்ளும் ஒரிஜினல் ட்ரெயின் பம்ப், 2,350 ரூபாய். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். காப்பி (ஒரிஜினலைப் பார்த்துச் செய்த போலி) கதவு ரப்பர், 600 ரூபாய். யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டையும் கோத்தகிரியில் எங்கள் வீட்டு மெஷினில் நானே மாட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். மலையில் டிஷ்வாஷர் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் நடத்துவது சின்ன ஹோம்ஸ்டே. நீலகிரியில் பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்குத் தடை. அது நல்ல விஷயம். ஆனால் வருகிறவர்கள் சாப்பிடும் ஒவ்வொரு தட்டும் கழுவித்தான் ஆக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். எங்களுக்குப் பாத்திரம் கழுவித் தரும் அக்காவுக்குப் பனிக்காலம் முழுக்க கை வெடித்து ரத்தம் கசியும். அவருக்காகத்தான் இந்த மெஷினை வாங்கினோம். அது நின்றுவிட்டால் மறுபடி அவர் கைதான் தண்ணீரில். அதனால்தான் இந்த ரிப்பேரில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

கோளாறு இதுதான். போட்டதும் முதல் தண்ணீரை ஒழுங்காக வெளியேற்றும். சுடுதண்ணீர்க் கழுவல் முடிந்து கடைசியாக வடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் நின்றுவிடும். கதவைத் திறந்தால் அடியில் கலங்கிய தண்ணீர், மேலே ஆவி. ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் எதுவுமே நடக்காததுபோல வடித்துவிடும்.

வாரண்டி முடிந்த மெஷின். கம்பெனி சர்வீஸில் பதிவு செய்து, நினைவூட்டி, மறுபடி நினைவூட்டி, கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தார். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், பம்பில் மின்தடை பார்க்கும் மீட்டர் வைத்தார், "பம்ப் நல்லாத்தான் இருக்குங்க மேடம், போர்டு போயிருச்சு" என்றார். மெஷினை இயக்கும் அந்த எலக்ட்ரானிக் போர்டுக்கு 14,500 ரூபாய், வந்து போனதற்குத் தனி. மெஷின் அப்போது ராத்திரி முழுக்க ஓடாமல் சில்லென்று இருந்தது. அந்த நிலையில் மீட்டர் வைத்தால் பம்ப் நல்லதாகத்தான் தெரியும்.

எங்கள் அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். "சூட்டுல நிக்கிற மோட்டாரைச் சூட்டுலயே பாரும்மா. ஆறினப்புறம் எல்லாம் நல்ல மோட்டார்தான்" என்பார். இந்தப் பம்புகளின் காயிலுக்குள், அதாவது கம்பிச் சுருளுக்குள், சூடு மீறினால் தானே துண்டிக்கும் ஒரு சின்னப் பாதுகாப்பு உண்டு. காயில் தளர்ந்துபோன பம்ப் சீக்கிரம் சூடேறும், அந்தப் பாதுகாப்பு இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும். எங்கள் மெஷின் காட்டிய அடையாளம் அப்படியே இதுதான்.

மெஷின் சூட்டில் நின்ற உடனே பிளக்கைப் பிடுங்கினேன். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். தண்ணீர்க் குழாயையும் மூடினேன். வலது பக்கத் தகட்டைப் பிடித்திருப்பது நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, டி20 பிட் வேண்டும். தகட்டின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள். உள்ளே, அடியில், தண்ணீர் சேரும் கிண்ணத்தின் பக்கவாட்டில் கைப்பிடி அளவில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ட்ரெயின் பம்ப். இரண்டு வயர் கனெக்டரை உருவி, முனைகளில் மீட்டரை வைத்தேன். ஓம் எதுவும் காட்டவில்லை, முழுக்கத் துண்டிப்பு. அரை மணி நேரம் ஆறவிட்டு வைத்தால் 150 ஓம் பக்கம் நிற்கிறது. போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பம்ப் ஏன் போனது என்பதற்கும் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வரும், வரும்போது வோல்டேஜ் இறங்கியே இருக்கும். இந்தப் பம்பில் இருப்பது காந்தச் சுழலி. போதிய வோல்டேஜ் இல்லையென்றால் அது சுற்றத் தொடங்காமல் 'உம்ம்' என்று முனகிக்கொண்டே நிற்கும், காயில் கொதிக்கும். இப்போது மெஷினுக்குத் தனியாக ஒரு ஸ்டெபிலைசர் வைத்துவிட்டேன். ஹீட்டரே 2,000 வாட் இழுக்கும், அதைத் தாங்கும் அளவுக்குப் பார்த்து வாங்க வேண்டும். டிவிக்கு வைக்கும் சின்னது உதவாது.

இனி கடை. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ஸ்பேர் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் போனது மாடி ஏறிப் போகும் ஒரு சின்னக் கடை. போனில் கேட்டபோதே அங்கிருந்த அண்ணன், "வாயில சொன்னா வேண்டாங்கக்கா, கதவு ஓரத்துல ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் தருவேன். ஒரே பெயரில் வரும் மெஷினுக்குள்ளேயே வருஷத்துக்கு வருஷம் பம்ப் மாறும். லேபிளில் இருக்கும் முழு மாடல் எண் இல்லாமல் எந்த ஸ்பேரும் வாங்காதீர்கள்.

நேரில் போனபோது ஒரிஜினலையும் 850 ரூபாய் காப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் மேஜையில் வைத்தார். கையில் எடுத்தாலே காப்பி கனமில்லாமல் இருக்கிறது. ஒரிஜினலின் லேபிளில் 30 வாட் என்றும், சூட்டுப் பாதுகாப்பு உண்டு என்றும் அச்சிட்டிருந்தது. காப்பியில் அந்த வரியே இல்லை. விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். நல்ல பம்ப் காந்தத்தின் இழுப்பால் விட்டு விட்டுத் தடை காட்டும். வழவழவென்று சுற்றினால் விசிறி தண்டிலிருந்து கழன்றுவிட்டது என்று பொருள். ஒரிஜினலோடு வந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மெத்தென்று விரலுக்கு வளைந்தது. காப்பியில் இருந்தது விறைத்துப்போய் இருந்தது. தண்ணீரையும் கரண்டையும் பிரித்து வைக்கிற இடத்தில் அந்த ரிங்தான் இருக்கிறது. 1,500 ரூபாயை மிச்சப்படுத்த வேண்டிய இடம் அது இல்லை.

மாட்டுவது சுலபம். அடியில் தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் முழுக்க எடுத்துவிட வேண்டும். ஒரு தட்டையும் பழைய துண்டையும் பம்புக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், கழற்றும்போது ஒரு டம்ளர் தண்ணீராவது கொட்டும். பம்பைப் பிடித்திருக்கும் பூட்டைத் தூக்கிப் பிடித்து, பம்பைக் கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும். பழைய பம்ப் இருந்த குழிக்குள் கை விட்டால் எங்கள் சமையல் முழுக்க அங்கே இருந்தது. கடுகு, மிளகாய் விதை, எலுமிச்சை விதை, கறிவேப்பிலைக் காம்பு, ஸ்க்ரப்பரிலிருந்து உதிர்ந்த பச்சை நார், நகத்தளவு ஒரு கண்ணாடிச் சில்லு. ராகிக் களி படிந்து காய்ந்த இடம் சிமெண்ட் பூசியதுபோல் இறுகியிருந்தது, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுத்தேன். புதுப் பம்பை வைத்துத் திருப்பினால் 'டக்' என்று பூட்டு விழும். அந்தச் சத்தம் கேட்கவில்லையென்றால் மறுபடி கழற்றி வையுங்கள். தகட்டை மூடும் முன், கையை உள்ளே கொண்டுபோகாமல், ஒரு முறை ஓடவிட்டு டார்ச் அடித்து எட்ட நின்று கசிவு பார்க்க வேண்டும்.

பம்ப் போட்ட அன்றிலிருந்து சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி வடிக்கிறது. முன்பு இருந்த முனகல் இல்லை. இதற்கு ஐந்துக்கு ஐந்து.

கதவு ரப்பர்தான் என்னைக் கோபப்படுத்திய பொருள். எங்கள் பழைய ரப்பர் கீழ் மூலையில் இறுகி, சொட்டுச் சொட்டாக உள்ளே கசிய ஆரம்பித்திருந்தது. டிஷ்வாஷரின் அடியில் ஒரு தட்டு, அதில் தெர்மோகோல் மிதவை ஒன்று இருக்கும். தட்டில் தண்ணீர் சேர்ந்து மிதவை எழும்பினால் மெஷின் மற்ற வேலையை நிறுத்திவிட்டு வடிக்க மட்டும் செய்யும். வீடு நனையாமல் காக்கிற நல்ல ஏற்பாடு. ஆனால் ரப்பர் கசிகிறவரை மெஷின் ஓடாது. கடையில் ஒரிஜினல் ரப்பர் அப்போது இருப்பில் இல்லை. காப்பி இருக்கிறது, பொருந்தினால் பொருந்தும், ரப்பரைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு நன்றி. விருந்தாளிகள் வரும் சமயம், அதனால் அதையே அனுப்பச் சொன்னேன். குஞ்சப்பனை பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்திருந்ததால் கூரியர் தாமதமாகத்தான் ஏறி வந்தது.

கவரைப் பிரித்ததுமே தெரிந்தது. நாலாக மடித்து அழுத்தி வைத்ததில் மடிப்பு மடிப்பாகத் தடம். எங்கள் ஊர்க் குளிரில் அது விரியவே இல்லை. வெந்நீரில் போட்டு இளக்கி, கதவின் மேல் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக, இழுக்காமல், கட்டை விரலால் குழிக்குள் அழுத்திக்கொண்டே இறங்கினேன். முறை அதுதான். இழுத்துப் போட்டால் மூலையில் மெலிந்து பிளந்துவிடும். அப்படிச் செய்தும் கீழே வந்தபோது ஒரு விரல்கடை நீளம் மிஞ்சியது. அதை வெட்டலாம். மூலையின் வளைவு குழிக்குள் உட்காராமல் வெளியே பிதுங்கியதற்கு என்ன செய்வது? இரண்டாம் கழுவலிலேயே மிதவை எழும்பிவிட்டது. ரப்பரில் ஒருவித மண்ணெண்ணெய் வாடையும் வந்தது. சாப்பிடும் தட்டு வைக்கிற பெட்டிக்குள் அதை விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. அடுத்து ஒரிஜினல் வந்தது, 1,650 ரூபாய். வெந்நீரே தேவைப்படவில்லை, குழிக்குள் தானாக உட்கார்ந்தது.

கசிவு என்றவுடன் ரப்பரை மட்டும் பழி சொல்லாதீர்கள். நம் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், உப்பு குறைவு. சமவெளியில் போர்வெல் தண்ணீருக்குச் சொல்லும் அளவில் பவுடர் போட்டால் இங்கே நுரை பொங்கி, கதவிடுக்கில் வழிந்து, அதே மிதவையைத் தூக்கிவிடும். கண்ணாடி டம்ளரும் நாளடைவில் பனி படிந்ததுபோல் மங்கும், தேய்த்தாலும் போகாது. மெஷினில் தண்ணீர்க் கடினத்தைக் குறிக்கும் செட்டிங்கைக் கடைசி அளவுக்கு இறக்கி, பவுடரைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். தட்டு சுத்தமாகத்தான் வருகிறது.

இன்னொன்று, தண்ணீர் அழுத்தம். பல மெஷின்களுக்குக் குறைந்தது அரை பார் அழுத்தம் வேண்டும், அதாவது தொட்டி ஐந்து மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மாடியில் வைத்த தொட்டிக்கு அது கஷ்டம். வீட்டுக்கு மேலே சரிவில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் ஊற்றுத் தண்ணீர் மழையில் கலங்கி வரும். மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாய் முனையில் நகத்தளவு ஒரு வலை இருக்கிறது, அதில் சேறு அடைத்தால் தண்ணீர் நூலாகத்தான் இறங்கும். மழை தொடங்கிவிட்டால் அதை அடிக்கடி கழற்றிக் கழுவுகிறேன். தண்ணீரை உள்ளே விடும் எங்கள் இன்லெட் வால்வும் மூடும்போது இப்போது லேசாகக் கசிகிறது. ஒரிஜினல் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லி, அதே லேபிள் போட்டோவை அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன்.