ஜேமீட்டர், லோகஸ்ட், கே6: ஒன்பது வருடம் அடிபட்ட பிறகு

லோட் டெஸ்டிங், அதாவது ஒரே நேரத்தில் நிறைய போலி யூசர்களை அனுப்பி சர்வர் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஜேமீட்டர், லோகஸ்ட், கே6 என்று இதற்கு இருக்கிற டூல்களில் எது நல்லது என்று டீமுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்டால், ப்ராஜெக்டைப் பொறுத்தது என்று முன்பெல்லாம் மழுப்புவேன். இப்போது மழுப்புவதில்லை. டூலுக்கே மூச்சு வாங்கும்போது அது வாய் திறந்து சொல்கிறதா, இல்லை பழியைத் தூக்கி சர்வர் மேல் போடுகிறதா, நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இந்தப் புத்தி ஜேமீட்டரிடம் அடிபட்டு வந்தது. வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், ஒரு டிக்கெட் முன்பதிவுத் தளம், வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் லேப்டாப்பிலேயே 800 யூசரை ஓட்டினேன். முதல் சில நிமிடம் சுத்தமாக ஓடியது, அப்புறம் எர்ரர் சதவீதம் 3, 11, 34 என்று ஏற ஆரம்பித்தது. சர்வர் தாங்கவில்லை என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். டெவலப்பர்கள் இரண்டு நாள் சர்வர் லாகைக் குடைந்தார்கள், ஒரு எர்ரர்கூட அகப்படவில்லை. மூன்றாம் நாள் அவர்களில் ஒருவர் என் சீட்டுக்கே வந்து நின்று, "அந்த ரிசல்ட் ஃபைலைக் கொஞ்சம் திறங்க, பார்ப்போம்" என்றார். திறந்தால், 200 (சரி), 500 (சர்வர் கோளாறு) என்று ரெஸ்பான்ஸ் கோடு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக 'பைண்ட் எக்ஸெப்ஷன்: அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. அந்த ரிக்வெஸ்டுகள் எதுவும் என் லேப்டாப்பை விட்டே கிளம்பவில்லை!

வெளியே போகிற இணைப்புகளுக்கு விண்டோஸ் வழக்கமாக ஒதுக்குவது 49152 முதல் 65535 வரை, மொத்தம் 16,384 போர்ட் (ஒவ்வொரு இணைப்பும் வெளியே போகிற வாசல் எண்). நான் ஏதோ சோதித்துப் பார்க்கும்போது கீப்-அலைவ் (திறந்த இணைப்பையே திரும்பப் பயன்படுத்துவது) டிக்கை எடுத்துவிட்டு மறந்திருக்கிறேன், அதனால் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு புது இணைப்பு, மூடிய இணைப்பும் உடனே போர்ட்டை விடாமல் டைம்-வெயிட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும், கடைசியில் போர்ட் தீர்ந்துபோனது. ஜேமீட்டரின் அக்ரிகேட் ரிப்போர்ட்டோ இதையும் சர்வர் தருகிற 500-ஐயும் ஒரே எர்ரர் பத்தியில் கூட்டிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. டிக்கைத் திரும்பப் போட்டதும் அதே லேப்டாப்பில் அதே 800 யூசர் ஒழுங்காக ஓடியது.

அதற்காக ஜேமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. 1998-லிருந்து இருக்கிற டூல், வெப் மட்டுமில்லாமல் டேட்டாபேஸ், ஜேஎம்எஸ் (மெசேஜ் அனுப்புவது), எஃப்டிபி (ஃபைல் அனுப்புவது) என்று எதைக் கேட்டாலும் அதற்கு ரிக்வெஸ்ட் அனுப்ப ஒரு சாம்ப்ளர் வைத்திருக்கும். கோடு எழுதத் தெரியாதவர்கூட பிரவுசரில் ரெகார்ட் பண்ணி ஒரு மணி நேரத்தில் ஸ்கிரிப்ட் கொண்டுவந்துவிடலாம். ஆனால் ஒரு யூசருக்கு ஒரு த்ரெட் (தனியாக ஓடுகிற இழை), அதற்கு ஒதுக்கிய மெமரியான ஹீப்போ மாற்றாமல் விட்டால் 1 ஜிபிதான். லோட் டெஸ்டை ஜியூஐயில் (விண்டோவைத் திறந்து வைத்து) ஓட்டாதே என்று திறக்கும்போதே எச்சரிக்கிறது, யார் படிக்கிறார்கள்? ஒவ்வொரு பதிலையும் திரையில் காட்டுகிற வியூ ரிசல்ட்ஸ் ட்ரீயைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டிவிட்டு, சர்வர் ஸ்லோ என்று சொன்னவர்கள் எங்கள் டீமிலேயே நாலு பேர் இருக்கிறோம். ஸ்கிரிப்ட் முழுக்க எக்ஸ்எம்எல் என்பதால் இரண்டு பேர் ஒரே ஃபைலைத் தொட்டால் கிட்டில் (கோடின் மாற்றங்களைச் சேர்த்து வைக்கிற டூல்) இரண்டையும் மெர்ஜ் பண்ணுவது தனி நரகம்.

லோகஸ்ட் பக்கம் போனது ஸ்கிரிப்டைப் பைத்தானில் எழுதலாம் என்பதற்காக. யூசர் பத்து முறை தேடி ஒரு முறை வாங்குவார் என்பதை டாஸ்க் வெயிட் (ஒவ்வொரு வேலையும் எத்தனை மடங்கு நடக்க வேண்டும் என்கிற எடை) கொடுத்து நாலு வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு ப்ராசஸ் சிபியுவின் ஒரு கோரைத்தான் முழுசாகப் பயன்படுத்தும், லோட் வேண்டுமென்றால் வொர்க்கர் என்கிற கூடுதல் ப்ராசஸ்களைக் கூட்டியே ஆக வேண்டும். அது தெரியாமல் ஓட்டினேன், சிபியு 90 சதவீதத்தைத் தாண்டியதும் உன் ரெஸ்பான்ஸ் டைம் கணக்கே தப்பாக வரலாம் என்று அதுவே லாகில் எழுதியது. அன்றைக்கு அதன் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. கேட்லிங் என்கிற இன்னொரு டூலை மூன்று மாதம்தான் தொட்டேன், ரிப்போர்ட் அழகு, அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நாலு வருடமாகக் கையில் அதிகம் இருப்பது கே6. உள்ளே கோ மொழி, ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்ட், 2021-லிருந்து கிராஃபனா லேப்ஸ் வசம். நான் அதற்கு மாறியது அரைவல் ரேட்டுக்காக, அதாவது நொடிக்கு இத்தனை வர வேண்டும் என்று வைத்து ஓட்டுவதற்காக. வழக்கமாக நாம் 100 யூசர் என்று வைத்து ஓட்டினால், சர்வர் மெதுவானதும் அந்த 100 பேரும் பதிலுக்காகக் காத்திருப்பார்கள், லோட் தானாகவே குறைந்துவிடும், ரிப்போர்ட்டும் பார்க்க லட்சணமாக வரும். நிஜத்தில் அப்படியா? காலை 10 மணிக்கு தத்கல் திறக்கும்போது, முன்னால் இருப்பவர் டிக்கெட் எடுத்து முடிக்கட்டும் என்று யாராவது கை கட்டி நிற்கிறார்களா? அரைவல் ரேட்டில் நொடிக்கு 200 என்றால் சர்வர் திணறினாலும் 200 வந்துகொண்டே இருக்கும். அனுப்ப யூசர் போதவில்லை என்றால் கே6 வார்னிங் போடும், எத்தனை விடுபட்டது என்பதை 'ட்ராப்ட் இட்டரேஷன்ஸ்' என்று தனி எண்ணாகவே காட்டும். ஜேமீட்டரிலும் 5.5 பதிப்பு முதல் இதே மாதிரி ஓட்டுகிற ஓபன் மாடல் த்ரெட் குரூப் இருக்கிறது, நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

கே6 என்னைப் படுத்தாமல் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்தானே என்று நோட் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டுகிற தளம்) லைப்ரரி ஒன்றை இழுத்துப் போட்டு அரை நாள் போனது, கே6-க்குள் நோட் கிடையாது. இன்னொரு முறை 40 எம்பி டெஸ்ட் டேட்டா ஃபைலை அப்படியே படிக்கச் சொன்னேன், 300 யூசரும் ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கொள்ள, ரேம் நிரம்பி லினக்ஸ் அதைக் கொன்றே போட்டது. எல்லாரும் ஒரே காப்பியைப் பகிர்கிற ஷேர்ட் அரே போட்டதும் சரியானது. செத்தாலும் வெளிப்படையாகச் செத்ததே, அது போதும்.

இப்போது எந்த டூலில் ஓட்டினாலும் லோட் மெஷினின் சிபியு, ரேம் கிராஃப் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போய்விடும். அந்த டெவலப்பர் இப்போது வேறு டீமில் லீட். நான் ரிப்போர்ட் அனுப்பினால் இன்றைக்கும் அவரிடமிருந்து ஒரு வரிதான் வரும்: "சதவீதம் இருக்கட்டும், எர்ரர் யாரோட மெஷின்ல?"